மூக்கில் ஒட்டிய ஈயம்

மூன்று மாதம் தனியாக வெட்டி ஒட்டிய பழைய பாணி ரிமோட் விமானம். இன்று மாலை வாவிக்கரையில் முதல் தடவையாகப் பறக்கவிட இருந்தேன்.

காலையில் இறக்கையின் கீழ் இரு விரல் வைத்துத் தூக்கினேன். வால் தாழ்ந்தது. அப்படியே விட்டால் ஏறியவுடன் விழும்.

மூக்கில் பாரம் வைக்க, மீன்வலைக் கடையில் ஈயம் கேட்டேன்.

"என்ன வலைக்கு அண்ணன்?"

"ப்ளேனுக்கு."

"வானத்திலயும் மீன் புடிக்கிறயளா?"

வீட்டுக்கு வந்து ஈயத்தை மூக்கினுள் பசையால் ஒட்டினேன். விமானம் விரல்களில் சமமாக நின்றது.

மனைவி மேசையைக் காட்டினாள். "இஞ்சருங்க, இந்த பெட்டரி எங்க வைக்கிற?"

மூக்கினுள்தான். அதை வைக்காமலே சமன் பார்த்திருக்கிறேன்; வைத்திருந்தால் ஈயமே தேவைப்பட்டிராது.

பசை இறுகிவிட்டது. ஈயத்தைத் தோண்டினால் பலகை பிளக்கும்.

களைத்துவிட்டேன். ஆனாலும் ஈயத்தை எடுக்கமாட்டேன். வாலிலும் ஈயம் வைத்துச் சமப்படுத்துவேன்.

பாரம் கூடிவிட்டது என்பவர்கள் கீழே கருத்தில் எழுதலாம். தோணி வைத்திருப்பவர்கள் நாளை மாலை வாவிக்கரைக்கு வாருங்கள்.