என் கணவர் ஏன் எடுத்தார்?

செஞ்சி கடைவீதியில் என் கணவர் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒருநாள் பக்கத்து பேன்சி ஸ்டோர்க்காரர் என்னைத் தனியே அழைத்து, கேமராவில் பதிவானதைக் காட்டினார். பெண் குழந்தைகள் தலையில் மாட்டும் கிளிப் ஒன்றை என் கணவர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பெண் குழந்தையே கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "இன்னாத்துக்கு இந்தத் திருட்டு? வெளிய தலைகாட்ட முடியுமா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எடுக்கலைன்னா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. எடுத்தா அடங்கிடுது. அப்புறம் செத்துடலாம்னு இருக்குது."

என் கோபம் பயமாக மாறியது. மறுநாளே விழுப்புரத்தில் மனநல மருத்துவரைப் பார்த்தோம்.

"இது பேராசை இல்லம்மா, நோய். மாத்திரை இருக்குது. அந்த வேகம் வரும்போது எடுக்காம தாங்கிக்கறதுக்குப் பயிற்சியும் இருக்குது" என்றார் மருத்துவர்.

பேன்சி ஸ்டோர்க்காரரிடம் என் கணவரே போய் எல்லாவற்றையும் சொல்லி, கிளிப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

போன வாரம் பாத்திரக்கடை வாசலில் திடீரென நின்றார். "என் கையப் புடிச்சுக்கோ" என்றார். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் என் கையைத் தொடாதவர். இறுகப் பிடித்துக்கொண்டேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூச்சு சீராகும்வரை அங்கேயே நின்றோம். எனக்கு வெட்கமாகவே இல்லை. அடுத்த கடையை நினைத்துத்தான் பயமாக இருந்தது.