மண்ணில் வைத்த பிள்ளை

செருப்புக்குள் ஒரேயொரு மணல் புகுந்துவிட்டாலும் என் பல்லெல்லாம் கூசும். அந்தக் கூச்சம் முழங்கால் வழியே ஏறி, கடைசியில் அலறலாக வாய்க்கு வரும். ஒரு பக்கம் துறைமுகமும் மறுபக்கம் கடற்கரையுமாக, முற்றமும் தெருவுக்குப் போகும் ஒழுங்கையும் மணலாகவே கிடந்த திருகோணமலையில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்? "அடம்பிடிச்சது" என்று வைத்தார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைவிட எனக்கு அதுதான் நிலைத்தது.

சோற்றைக் கையால் தொடமாட்டேன், புதுச்சட்டையின் கழுத்தில் தைத்திருக்கும் துண்டை வெட்டி எறிந்தால்தான் போடுவேன், பென்சில் என் விரலில் நிற்கவே நிற்காது. அம்மா அப்போது குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்தார், அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையிலிருந்த அப்பாவுக்கு, தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் இருக்காத பொருள் உலகத்தில் நான் ஒருத்திதான். இப்படி அலறுகிற பிள்ளையை வைத்திருக்க ஏலாது, தை மாதத்துக்குள் சரிப்படுத்தினால் முதலாம் ஆண்டில் சேர்க்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் கையை விரித்த பிறகுதான், டொக்டர் சொன்னபடி அவர் என்னை ஆஸ்பத்திரியின் "தெரபி மிஸ்"ஸிடம் கூட்டிக்கொண்டு போனார். அதற்குத் தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர். அப்பாவின் அக்கா, பாலையூற்றிலிருந்த எங்கள் மாமி, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவள் என்ன தொழில் பழக்கப் போகிறாளாம், மேசன் வேலையா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

மிஸ்ஸின் அறையில் மருந்து நாறவில்லை. கூரையிலிருந்து ஒரு துணி ஊஞ்சல் தொங்கியது. உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள் நிறையக் கிடந்தன, அவற்றை நசுக்கி நசுக்கி அட்டையில் குத்தினால் விரலுக்குப் பலம் வருமாம். நடுவில் ஒரு பேசின் நிறைய அரிசி, அதற்குள் சின்னச் சின்ன பிளாஸ்டிக் மிருகங்கள். அரிசியைப் பார்த்ததுமே நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"பிள்ளை போதும் எண்டு சொன்னா மிஸ் உடன நிப்பாட்டுவன். சரியோ?"

நான் நம்பவில்லை. பேசினைக் கிட்டக் கொண்டுவருமுன்பே "போதும்" என்றேன். நிறுத்தினார். திரும்பக் கொண்டுவந்தார், திரும்பச் சொன்னேன், திரும்ப நிறுத்தினார். அன்று முழுக்க நாங்கள் செய்த வைத்தியம் அவ்வளவுதான். ஒரு பெரிய ஆள், என்னுடைய வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காகக் கையை எடுத்ததை அதற்கு முன்பு நான் கண்டதேயில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பேசினுக்குள் நான் விரலை விட்டது அரிசிக்குள் இருந்த யானைக்காக அல்ல, அந்தச் சொல்லை நம்பித்தான்.

ஒரு விரல் போனது, பிறகு கை போனது. மழைக்காலம் தொடங்குமுன் அரிசியின் இடத்தில் மணல் வந்தது, கையின் இடத்தில் கால் வந்தது. இது அடமில்லை, இவளுடைய தோலுக்கு மணல் உண்மையாகவே நோகிறது, அவளாக வரட்டும், பலவந்தம் மட்டும் வேண்டாம், தைக்கு முன் சரிவரும் என்று மிஸ் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அப்பா "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று தலையாட்டுவார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து, மாமியையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஈர மணலில் வெறுங்காலோடு நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன், ஆனால் நின்றேன். அப்பாவின் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கும் பெருமை தாங்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் நின்று காட்டினேன்.

"அப்ப ஏலும்," என்றார் மாமி. "இவ்வளவு நாளும் எங்களுக்கு நடிச்சுக் காட்டியிருக்கிறாள்."

நான் பாடுபட்டு வாங்கிய வெற்றி அந்த நிமிடமே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நடக்கப் பிந்திய பிள்ளைகளைக் கடற்கரையில் குழிவெட்டி இடுப்புவரை மூடி நிறுத்துவதற்கு எங்கள் பக்கத்தில் "மண்ணில வைக்கிறது" என்று பெயர். மாமி தன் மகனை அப்படி வைத்து, அவன் அதற்குப் பிறகு நடந்தவனாம். அதையே எனக்கும் செய்தால் ஒரே நாளில் காரியம் முடியும், எதற்கு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைச்சல் என்றார். அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் தோண்டத் தொடங்கினார். "இண்டையோட முடிஞ்சிடும் பிள்ளை," என்று அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

நான் கத்தவில்லை. முதலில், பழக்கியபடி, மரியாதையாகத்தான் "போதும்" என்றேன். "மிஸ் பழக்கின கதையைப் பாரன்," என்று மாமி சிரித்தார். மணல் முழங்காலுக்கு வந்தபோதும் சொன்னேன், தொடைக்கு வந்தபோதும் சொன்னேன். பிறகுதான் அலறினேன். மாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கடலை விற்கிறவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார், குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் பார்த்தார்கள். தெரிந்த வைத்தியம்தானே, புன்னகைத்துக்கொண்டு போனார்கள். மணல் இடுப்புக்கு வந்தபோது என் சத்தம் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது.

அப்பா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அன்று பின்னேரமே குவைத்துக்கு அழைப்பெடுத்தார். பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்று கேட்டு அம்மா போனில் அழுதார்.

அடுத்த முறை போனபோது அப்பா பெருமையாகச் சொன்ன எல்லாவற்றையும் மிஸ் கேட்டுவிட்டு, அரிசிப் பேசினை எடுத்து வைத்தார். அவர் சொல்லுமுன்பே நான் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டேன், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார். "போதுமோ பிள்ளை?" என்றார். நான் பேசவில்லை. "போதும் எண்டு சொல்லுங்கோ" என்று கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார். கடைசியில் அவரே என் கைகளை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டார். அப்பாவை வெளியே கூப்பிட்டு ஏதோ கோபமாகச் சொன்னார். சுகமான பிள்ளைக்கு எதற்கு வைத்தியம் என்று அப்பாவும் கோபித்துக்கொண்டு வந்தார். அதோடு அந்த அறை முடிந்தது. தையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பிலேயே சத்தமில்லாத பிள்ளை நான்தான், நன்னடத்தைக்குப் பரிசும் தந்தார்கள்.

இப்போது அந்த அறை இல்லை, புதுக் கட்டடம் வந்துவிட்டது. மிஸ் மாற்றலாகிப் போய் எத்தனையோ காலம். மாமியையும் மண்ணில் வைத்தாயிற்று. எங்கள் கடற்கரையில் வெள்ளைக்காரர் சாய்ந்து படுக்கும் கதிரைகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆனால் தொலைந்தவற்றில் எனக்கு நோகிறது அந்த ஒரு சொல்தான். பல் வைத்தியரின் கதிரையில் நோகும்போதும், பஸ்ஸில் ஒருவன் மேலே சாயும்போதும் அது வாய்க்கு வருவதில்லை, சுவரைப் பார்க்கிறேன்.

போன ஞாயிறு அண்ணன் தன் மகனோடு வந்தான். நாலு வயது, குதிக்காலை நிலத்தில் வைக்கமாட்டான், கோயில் மணிக்குக் காதைப் பொத்துவான். நான் அவனுக்கு மாமி. கடற்கரையில் அப்பா, பேரனின் விளையாட்டு மண்வெட்டியை வாங்கித் தோண்டத் தொடங்கினார். "உன்ர மாமியைக் கேள், அவள் இப்பிடித்தான் சுகமானவள்," என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன், தன் மகனின் கையை விடுவதா பிடிப்பதா என்று நின்றான்.

"அப்பா, அண்டைக்கு நான் சுகமாகேல்லை," என்றேன். "கத்தினாலும் நிப்பாட்டமாட்டீங்கள் எண்டு தெரிஞ்சிட்டுது. அதான் கத்தாம இருந்தனான்."

அண்ணன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தான். அப்பா குழிக்குப் பக்கத்தில், கையில் அந்தச் சின்ன மண்வெட்டியோடு, என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கண் கலங்கியது. இவ்வளவு வருசமும் நான் காத்திருந்தது இதற்குத்தான் என்று நினைத்தேன்.

"எவ்வளவு வடிவாக் கதைக்கிறாய் பிள்ளை," என்றார் அப்பா. "எல்லாம் அந்த மண்ணாலதான்."