ரத்தினசாமியின் இடது கன்னம்

பாலாறு வறண்டுபோனாலும் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கெல்லாம் ஒரு வருஷத்துக்கு வேண்டிய தண்ணீரைத் தேக்கி வைக்கலாம். அவ்வளவு ஆழம், தோல் தரகர் ரத்தினசாமி சிரித்தால் இடது கன்னத்தில் விழுகிற குழி. ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட கூட்ஸ் வண்டி ஒன்று அதற்குள் இறங்கிக் காணாமல் போனதாகவும் பேச்சு உண்டு.

அந்தக் குழியில்தான் அவர் பிழைப்பு விழப் பார்த்தது.

ஜெர்மனி சண்டை முடிந்த சமயம். பேரணாம்பட்டுத் தோல் மண்டியில் விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகரும் வாங்குகிறவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேரம் பேசுவார்கள். நல்ல விலை வந்துவிட்டால் ரத்தினசாமிக்குச் சந்தோஷம் தாங்காது, கன்னம் குழிந்துவிடும். தோல் வாங்குகிற மண்டிக்காரர் ஷபீ அஹமது அதைக் கண்டுபிடித்துவிட்டார். குழி விழுந்ததுதான் தாமதம், அதற்குமேல் விரல் ஏறாது.

ஆட்டுத்தோல் கொண்டுவருகிறவர்கள் ஒவ்வொருவராக வேறு தரகரிடம் போய்விட்டார்கள். மிஞ்சியவள் ரங்கம்மாள் ஒருத்திதான். "இந்தத் தபாவும் வெல கம்மியா வந்திச்சின்னா நானும் வேற ஆளப் பாத்துக்கறேன் தரகரே. கோச்சிக்காதீங்க" என்று அவளும் சொல்லிவிட்டாள்.

விற்கிற அன்று காலை, ரத்தினசாமிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி அமிர்தவள்ளி அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பள்ளத்த மூடறது ஒரு கஷ்டமா? வாயத் தொறய்யா."

ஒரு கொத்து வெற்றிலையைச் சுருட்டி இடது கடைவாயில் அடைத்தாள். "வித்து முடியற வரிக்கும் துப்பக் கூடாது."

மண்டியில் ஷபீ அஹமது விரலைப் பிடித்தார்; கன்னத்தைப் பார்த்தார். மேடாக இருந்தது. விலையை ஏற்றினார். அப்போதும் மேடுதான்.

"இன்னா தோஸ்த், பல்வலியா?"

வந்த விலை ரத்தினசாமி கனவிலும் காணாதது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தால் எச்சில் சாயபுவின் வெள்ளை ஜிப்பாவில் இறங்கும். துப்ப இடம் தேடி எழுந்தார். பேரம் முறிந்தது என்று நினைத்த ஷபீ அஹமது, "பேஜார் பண்ணாதே, உக்காரு!" என்று இழுத்து, இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

அடுத்த வாரம் ரங்கம்மாள் தன் ஊர்த் தோலையெல்லாம் அவரிடமே கொண்டுவந்து இறக்கினாள்.

அதன்பின் வெற்றிலை இல்லாமல் ரத்தினசாமி மண்டிக்குப் போனதே இல்லை. யாராவது கெட்டிக்காரத் தரகர் என்று புகழ்ந்தால், "கெட்டிக்காரி வூட்ல இருக்கா" என்பார். வீட்டு வாசலுக்கு வந்ததும் வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, அமிர்தவள்ளி பார்க்க ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அந்தக் குழி அவளுக்கு மட்டும்.

இவ்வளவையும் எழுதி, கடைசி மகன் அவருக்கே படித்துக் காட்டினான். கேட்டு முடித்தவர் அவன் இடது கன்னத்தில் ஒரு விரலை வைத்து அழுத்தினார்.

"கூட்ஸ் வண்டி உள்ள போச்சின்னு படிச்சியே, அப்பவே இங்க குழி வுழுந்துச்சிடா. புளுகறதுன்னா மொதல்ல வெத்தல போட்டுக்கினு வா."