தலைகீழாக நீட்டிய காகிதம்

சலவை நிலையத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுக்க வரும். உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பை உதறி, நாலாக மடித்து, கட்டாக அடுக்குவது அவள் வேலை. விளிம்போடு விளிம்பு ஒட்டிக் கத்தியால் அறுத்தது போல நிற்கும். பதினோரு வருடத்தில் அவள் அடுக்கிய கட்டு ஒன்று சரிந்து யாரும் பார்த்ததில்லை.

அவளுக்கு ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது.

சேர வந்த அன்று வாசலில் இரண்டு வரிசை நின்றது. படித்தவர்களுக்கு ஒன்று, கைநாட்டுக்காரர்களுக்கு ஒன்று. கைநாட்டு வரிசைக்கு அழுக்குத் துணி பிரிக்கிற வேலை. ரத்தமும் சீழும் ஊறிய துணி, கையுறை கிடையாது, கூலியும் முக்கால்தான். அந்த வரிசையில் ஏற்கெனவே வேலை செய்து நின்றுபோய்த் திரும்பி வந்திருந்த ஒருத்தியின் விரலிடுக்குகள் வெந்து உரிந்திருந்தன. அதைப் பார்த்ததும் மடிப்பக்காவின் கால் தானாக மற்ற வரிசைக்கு நகர்ந்தது.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

வாய் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட மட்டும் சின்ன வயதில் அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்தான். பூனைப் படம் போடுவது மாதிரி அதை வரைவாள். எந்த வளைவு எந்த எழுத்து என்று கேட்டால் தெரியாது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் அந்தக் கனத்தைப் பதினோரு வருடம் சுமந்தாள். துணிக்கட்டுகளை ஓரத்தில் தைத்த நூலின் நிறம் பார்த்துப் பிரித்தாள். பலகையில் புது அறிவிப்பு ஒட்டினால், நாலு பேர் கூடும்வரை குழாயடியில் கை கழுவிக்கொண்டே நிற்பாள். யாராவது சத்தமாகப் படித்தால் காதில் வாங்கிக்கொண்டு, "நான் அப்பவே பார்த்தேன்" என்பாள். யாராவது காகிதத்தை நேராக நீட்டிவிட்டால், "கண்ணாடிய வீட்ல வெச்சுட்டு வந்துட்டேனே" என்பாள். வீட்டில் கண்ணாடி என்று ஒன்றே கிடையாது.

அவளுக்கு எதிரே உருளை இயந்திரத்தில் துணி கொடுப்பவள் நெட்டச்சி. ஆள் அவ்வளவு உயரம். "நான் வீட்ல செருப்பு மாட்டும்போதே என் தலை கம்பெனிக்குள்ள வந்துடும்க்கா" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவள் இந்தப் பக்கம் ஈரத் துணியைக் கொடுப்பாள், மடிப்பக்கா அந்தப் பக்கம் காய்ந்ததை வாங்குவாள். சாப்பாட்டு டப்பாவையும் சேர்ந்தே திறப்பார்கள். அவளிடம்கூட மடிப்பக்கா உண்மையைச் சொன்னதில்லை.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். அதுதான் சூப்பர்வைசருக்கு எரிச்சல். ஒரு திங்கட்கிழமை காலை, வண்டி வாசலில் காத்து நிற்கிறது என்று சொல்லி, அவரே சாவி கொண்டுவந்து கம்பியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"சார், கை போயிடும்" என்றாள் நெட்டச்சி.

"உன் கைக்கு அவ்வளவு நீளம் இருக்கே, தள்ளி நின்னு குடு."

பதினொரு மணி இருக்கும். ஒரு விரிப்பின் மூலை மடங்கிப் போனது. அதை நீவிவிடக் கையை நீட்டினாள் நெட்டச்சி. அடுத்து எழுந்த அலறலில் மடிப்பக்காவுக்குக் காது அடைத்தது. ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் அவள்தான். வெள்ளைத் துணி உருளையில் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நிறத்தை அவள் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை.

இரண்டு நாள் கழித்துச் சூப்பர்வைசர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேசையில் அச்சடித்த ஒரு தாள் இருந்தது.

"உட்காருங்கக்கா. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. நடந்ததை எழுதி வெச்சிருக்கேன். ஒண்ணுமில்ல, சும்மா ஒரு வழக்கத்துக்கு. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கண்ணாடி என்று ஆரம்பித்தாள்.

"பெரிய எழுத்துதான். படிங்க" என்று தாளை எடுத்து நீட்டினார்.

வாங்கினாள். கண்ணை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டினாள். வரி முடிந்தது என்று தோன்றியபோது கீழே இறங்கினாள். எறும்புக் கூட்டம் போல எழுத்துகள் நின்றன.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு சார்."

அவர் சிரித்தார். பிறகு அவள் கையிலிருந்த தாளை மெல்ல வாங்கி, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, மேல் பக்கத்தைக் கீழே கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இப்ப நேரா இருக்கு. இங்க போடுங்க."

தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறாள்! வேண்டுமென்றேதான் அப்படி நீட்டியிருக்கிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அவள் தன் பெயரை வரைந்தாள். கடைசி வளைவு கோணலாகப் போனது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு முதலாளிக்கு இரண்டு முதலாளி. வேலை முடிந்து கிளம்பும்போது, "எட்டாவது படிச்ச அக்கா, கொஞ்சம் அழுக்குத் துணியையும் பிரிச்சுட்டுப் போங்களேன்" என்பார் சூப்பர்வைசர். கூலி இல்லை, கேள்வியும் இல்லை. எந்த வேலைக்குப் பயந்து பொய் சொன்னாளோ அதையே சம்பளமில்லாமல் செய்தாள்.

பத்தாம் நாள் நெட்டச்சியின் அண்ணன் மடிப்பக்காவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் அந்தத் தாளின் நகல்.

"உன்னைக் கூடப் பொறந்தவ மாதிரிதானே நெனச்சா? இப்படி எழுதிக் குடுக்க எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"நான் என்ன எழுதினேன்?"

அவன் ஆத்திரத்தோடு படித்தான். தடுப்புக் கம்பியை நெட்டச்சியே கழற்றினாள், வேண்டாம் என்று சூப்பர்வைசர் தடுத்தார், அவள் கேட்கவில்லை, இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன். கீழே கோணல் வளைவோடு அவள் பெயர். அதைக் காட்டித்தான் கம்பெனி நஷ்டஈடு தர மறுத்துவிட்டது என்றான். எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா என்று சொல்ல வாய் திறந்தாள். வரவில்லை. அவன் காறித் துப்பிவிட்டுப் போனான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் எல்லாக் கட்டிலிலும் அவள் மடித்து அனுப்பிய விரிப்புகள். நெட்டச்சியின் வலது கை முழங்கைவரை கட்டுக்குள் இருந்தது. மூன்று விரல் போய்விட்டதாக நர்ஸ் சொன்னாள். நெட்டச்சி அவளைப் பார்த்தாள், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீளமான கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மடிப்பக்கா அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

சூப்பர்வைசரிடம் கேட்கும் துணிவு எப்படி வந்ததோ, கேட்டுவிட்டாள். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"மாத்திச் சொல்லப் போறீங்களா? சொல்லுங்க. எழுதிக் குடுத்ததை மாத்தினா பொய் சாட்சி. உள்ள வெச்சுடுவாங்க. எட்டாவதுன்னு எழுதினதும் பொய். அது வேற கேஸ். எனக்கென்ன, உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

அதன்பின் தெருவில் சீருடை போட்ட தபால்காரர் வந்தாலும் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. ஒருநாள் அவரே ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். போலீஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். உறையைத் தொடாமல் அடுப்புத் திண்டில் வைத்துவிட்டு, கணவன் வரும்வரை அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவன் சுவருக்கு வெள்ளையடிப்பவன். பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத் தெரியும்.

"வி… சா… ர… ணை" என்றான். "தொழி… லாளர் ஆபீஸ். வர்ற வியாழன். நீ சாட்சியாம்."

"ஜெயில்ன்னு போட்டிருக்கா?"

"ஜெயிலுக்கெல்லாம் கடுதாசி போட்டா கூப்பிடுவாங்க? கல்யாணத்துக்குத்தான் அப்படிக் கூப்பிடுவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றுதான் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கைவிரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

"வேலை போயிடும்" என்றான் கடைசியில்.

"போயிடும்."

"அவ கை போயிடுச்சே."

அவள் அந்தக் கடுதாசியை விளிம்போடு விளிம்பு ஒட்டி நாலாக மடித்து வைத்தாள்.

வியாழனன்று தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு நீள மேசை. நடுவில் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா. ஒரு பக்கம் சூப்பர்வைசரும் கம்பெனி வக்கீலும், மறுபக்கம் நெட்டச்சியும் அவள் அண்ணனும். அதிகாரியம்மா தாளைக் காட்டினார்.

"இது உங்க வாக்குமூலம்தானே?"

சூப்பர்வைசர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பாதி புடவையில் சிந்தியது.

"கையெழுத்து என்னுதும்மா. அதுல இருக்கற எழுத்து என்னுது இல்ல."

"புரியல."

"எனக்குப் படிக்கத் தெரியாது."

சொன்னதும் அறை முழுக்கத் தன்னைப் பார்த்து நகைப்பது போலிருந்தது. உண்மையில் வக்கீல் ஒருவர்தான் நகைத்தார். "எட்டாவது பாஸ்னு இவங்களே குடுத்திருக்காங்க மேடம். இன்னைக்குத் திடீர்னு மறந்துபோச்சாம்."

அதிகாரியம்மா மேசையிலிருந்து வேறொரு தாளை எடுத்து நீட்டினார். "முதல் வரியை மட்டும் படிங்க."

அவள் வாங்கினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "எது மேல, எது கீழன்னே எனக்குத் தெரியலம்மா. அன்னைக்கு இவர் தலைகீழாக் குடுத்தார். நானும் படிக்கற மாதிரி பாத்தேன். எட்டாவதுன்னு சொன்னதும் பொய்தான். அழுக்குத் துணிக்குப் பயந்து சொன்னேன். ஆனா கம்பியைக் கழட்டினது இவர். சாவியை மேல் பாக்கெட்லேருந்து எடுத்தார். கை போயிடும்னு அவ சொன்னா. இதை நான் கண்ணால பாத்தேன். படிக்கத்தான் தெரியாது, கண்ணு நல்லாத் தெரியும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இப்போதே யாரோ வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. அதிகாரியம்மா அவள் சொன்னதை எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார்.

"இன்னொரு வாட்டி படிங்கம்மா" என்றாள்.

மறுபடியும் படித்தார். அதன்பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வருடம் இழுத்தடித்து, நெட்டச்சிக்கு நஷ்டஈடு கிடைத்தது. கேட்டதில் பாதிதான். சூப்பர்வைசரை வேறு கிளைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். மடிப்பக்காவை அந்த வியாழனுக்கு மறு வாரமே பொய் சொல்லிச் சேர்ந்ததாகக் கூறி வெளியே அனுப்பினார்கள். அதையும் ஒரு காகிதத்தில்தான் கொடுத்தார்கள்.

நெட்டச்சி ஒருமுறை அவள் வீட்டுக்கு வந்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். டீயை இடது கையால் பிடித்துக் குடித்துவிட்டுப் போனாள். பிறகு எப்போதாவது வருகிறாள்.

மடிப்பக்கா இப்போது ஒரு தங்கும் விடுதியில் துணி துவைக்கிறாள். சேர்ந்த அன்றே படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டாள். மற்றவர்களைவிடக் குறைவான கூலி. காகிதம் எதை நீட்டினாலும், "வாசிச்சுச் சொல்லுங்க" என்கிறாள். "உனக்கு இதுவேற படிச்சுக் காட்டணுமா?" என்று அலுத்துக்கொள்கிறார் மேனேஜர். அவர் படித்து முடிக்கும்வரை அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உள்ளதைத்தான் படிக்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.