நாலாவது அடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டினார்கள். தலைக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. மாட்டியவன் ஸ்டான்லி.

பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான், தாடி முழுக்க வெள்ளை. ஆனாலும் எனக்கு அவன் ‘கூவாத சேவல்’ ஸ்டான்லிதான். கூவாத சேவல் என்பது ஒரு காலத்தில் பாளையங்கோட்டையில் இருந்த ராக் பேண்ட். நாலு பையன்கள். சொந்தப் பாட்டு, சொந்த மெட்டு. சினிமாப் பாட்டைத் தொடவே மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள். அவர்களுடைய முதல் கேசட் எங்கே பதிவானது தெரியுமா?

என் மாவு மில்லில்!

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு நாலு ஊர்க் கடைகளில் மசாலாத் தூள் பாக்கெட்டில் என் படம் சிரிக்கிறது. நான் வாராவாரம் எழுத, காலேஜ் படித்த நீங்கள் வாசிக்கிறீர்கள். இதையெல்லாம் ஏற்கெனவே பலமுறை சொல்லிவிட்டேன். ஆனால் நான் பெருமையடிக்க வேண்டிய விஷயம் ஒன்று விட்டுப்போயிருந்தது. அது எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

அந்த நாலு பேரும் வாத்தியார், கிளார்க் வீட்டுப் பிள்ளைகள். கிட்டார் கற்றது சர்ச் பாடகர் குழுவில். கிட்டார் வரைக்கும் வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களில் டேனியல் டிரம்ஸ் வாங்கியதும் தெருவே திரண்டு சண்டைக்கு வந்துவிட்டது. எங்கே போவார்கள்? என்னிடம் வந்தார்கள். மில் ஓடுகிறபோது உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். மெஷின் ஓடினால்தான் வாசிப்பு. மெஷின் நின்றால் பாட்டும் நிற்கும்.

கேசட் பதிவும் அங்கேதான். ஒரு மூட்டை மேல் டேப் ரெக்கார்டர், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மைக். இரண்டாவது பாட்டில் ஸ்டான்லி பாடும்போதே இருமுவான். புது ஸ்டைல் என்று காலேஜ் பிள்ளைகள் கொண்டாடினார்கள். அது மிளகாய்க் காரம் ஐயா! கடைசிக் காதல் பாட்டு மட்டும் மெதுவாகப் போகும். சோகத்தைக் காட்டத்தான் என்று ஒரு பையன் எனக்கே விளக்கம் சொன்னான். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி மெஷின் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான்.

கேசட் நெல்லையில் மட்டுமா, நாகர்கோவில் ஹாஸ்டல் வரைக்கும் போனது. சென்னையில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். நாலு பேராகப் போனார்கள்.

டேனியல் மட்டும் திரும்பி வந்தான்.

ஸ்டேஷனிலிருந்து நேரே மில்லுக்குத்தான் வந்தான். ஸ்டூடியோவில் வாசிக்கும்போது அடிக்கொருதரம் ஓர் அடியை விட்டுவிடுகிறானாம். அங்கே இருந்தவர் இவனை எழுப்பிவிட்டு வேறு ஆளை உட்கார வைத்தாராம். கூட வந்த மூவரும் வாயைத் திறக்கவில்லை. “கை சரியில்ல அண்ணாச்சி” என்றான், அவ்வளவுதான். டிரம்ஸை விற்றான். பிறகு கணக்கு வாத்தியார் ஆனான். சர்ச்சில் எல்லாரும் கைதட்டிப் பாடும்போது கையைக் கட்டிக்கொண்டே நிற்பான் என்று அவன் வீட்டுக்காரி மேரி என்னிடம் பலமுறை குறைப்பட்டிருக்கிறாள்.

சென்னையில் செய்த சி.டி. பளபளவென்று வந்தது. கேட்டேன். ஆளே வராத கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது... எல்லாம் பரிமாறியிருக்கிறது, சாப்பிடத்தான் ஒருவரும் இல்லை. அப்புறம் மூன்று பாட்டோடு இன்னொரு சி.டி. அதில் மேளம் அடிக்க ஆளே கிடையாது, பொத்தானை அமுக்கினால் பெட்டியே அடிக்கும். அதோடு சரி. சேவல் நிஜமாகவே கூவாமல் போனது.

இனி ஹெட்போனுக்கு வருகிறேன்.

முதல் கேசட்டை இப்போது இன்டர்நெட்டில் வெளியிடப் போகிறார்களாம். பெங்களூரில் ஓர் இன்ஜினியர் கம்ப்யூட்டரில் போட்டு இரைச்சலையெல்லாம் உருவி எடுத்திருக்கிறார். கேட்டேன். பாட்டு பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. டும், டும், டும்... அப்புறம் ஒன்றுமில்லை. நாலாவது அடி வரவேண்டிய இடமெல்லாம் காலி. டிரம்ஸ்காரர் தூங்கிவிட்டாரா என்று இன்ஜினியர் கேட்டாராம். ஸ்டான்லியும் முதலில் டேனியலைத்தான் நினைத்திருக்கிறான். பிறகு பழைய கேசட்டைப் போட்டுப் பார்த்தால், நாலாவது அடி இருக்கிறது! ‘டக்’ என்று கேட்கிறது.

“இது என்ன சத்தம் அண்ணாச்சி?” என்றான்.

எனக்குத் தெரியாதா? மோட்டாரிலிருந்து மெஷினுக்கு ஓடும் பெல்ட்டில் ஓர் இணைப்பு உண்டு, இரும்பு கிளிப் போட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது சக்கரத்தில் தட்டும். டேனியல் மூன்று அடி அடித்துவிட்டு நாலாவதைப் பெல்ட்டுக்கு விட்டிருக்கிறான். யோசித்துச் செய்யவில்லை. அங்கேதான் அடி கேட்கிறதே, கை தானாக நின்றிருக்கிறது. ஸ்டூடியோவில் பெல்ட்டுக்கு எங்கே போவது?

ஸ்டான்லி மில்லில் கிடந்த ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். டேனியல் வீட்டுக்குப் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. நான்தான் போன் போட்டேன்.

டேனியல் மொபெட்டில் வந்தான். ஸ்டான்லியைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஹெட்போனை நீட்டினால், “அதெல்லாம் எனக்கு எதுக்கு அண்ணாச்சி? நாளைக்குப் பரீட்சை இருக்கு” என்றான். நான் உள்ளே போய் ஸ்விட்சைப் போட்டேன். இணைப்பே இல்லாத வி-பெல்ட் போடச் சொல்லி என் மகன் அரித்தெடுத்தும் மாற்றாத பழைய பெல்ட் அது. சுழன்று வேகம் பிடித்தது. டக்... டக்... டக்...

டேனியல் இறங்கி வாசலுக்கு வந்தான். உள்ளே வந்தான். பக்கத்தில் ஒரு காலி எண்ணெய் டின் கிடந்தது. அவன் விரல் அதன் மேல் தட்ட ஆரம்பித்ததை அவனே கவனித்தானா தெரியாது. மூன்று அடி... நிறுத்தம். அந்த இடத்தில் பெல்ட். மூன்று அடி... பெல்ட்.

முழுப் பாட்டும் வாசித்தான். ஓர் அடி பிசகவில்லை.

மெஷினை நிறுத்தினேன். அவன் ஸ்டான்லியைப் பார்த்துக் கேட்டான்: “அப்போ நான் தப்பா அடிக்கலையாலே?”

ஸ்டான்லி தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் சொன்னேன்: “ஏலே, ஒம் பங்க நீ சரியாத்தான் அடிச்ச. மிச்சத்த அடிச்சது நானுல்லா?”

டேனியல் சிரித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். மிளகாய்த் தூள் பறக்கிற இடம், நான் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டான்லி பைய வந்து அந்த டின்னுக்கு மறுபக்கம் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசியது அவர்கள் விஷயம்.

சத்தம், தூசி, தொந்தரவு என்று எதையெதையோ துடைத்து எடுக்கிறோம். அதை நம்பி ஒருத்தன் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறானா என்று யாராவது பார்க்கிறோமா?

கேசட் இரைச்சலோடுதான் வெளிவருகிறது. டேனியல் சொல்லிவிட்டான், ஸ்டான்லியும் தலையாட்டிவிட்டான். இந்த வாரம் மல்லி அரைக்க மேரி வந்திருந்தாள். “சர்ச்சுல இவுக கைதட்டுதாக அண்ணாச்சி! ஆனா மூணு தட்டிட்டு ஒண்ண விட்டுருதாக, பக்கத்துல நிக்கவுகளுக்கெல்லாம் பாட்டு தடுமாறுது” என்றாள்.

பெங்களூரிலிருந்து நேற்று போன். வாசித்தவர்கள் பட்டியலில் என் பேரும் வருகிறதாம். பேருக்குப் பக்கத்தில் என்ன வாத்தியம் என்று போட வேண்டும் என்று கேட்டார்கள்.

பத்து ஹெச்.பி. மோட்டார் என்று போடச் சொல்லியிருக்கிறேன்.