நாலு மரங்களுக்கு நடுவே

எங்கள் கிங்ஸ்பரி வீட்டு முன்னறையில், மடு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் பந்து இருக்கிறது. முட்டை வடிவம், தோல் உரிந்தது, ஒரு முனை சப்பளிந்தது. வருகிறவர்கள் ரக்பிப் பந்தா என்று கேட்பார்கள். "சீச்சீ, இது ஆஸ்திரேலியன் ரூல்ஸ்" என்று அம்மா பெருமையாகத் திருத்துவார். அந்த விளையாட்டின் சட்டம் தெரியாமல் எங்கள் வீடு ஒரு நாள் பட்ட பாட்டை மட்டும் சொல்லமாட்டார். அதை நான் சொல்கிறேன்.

பந்து என் தங்கையுடையது. வேலையிடத்து ஆஸ்திரேலியத் தோழி ஒருத்தி, ஆள் குறைகிறது என்று ஒரு சனிக்கிழமை அவளை மைதானத்துக்கு இழுத்துப் போனாள். போனவள் போனவள்தான். நல்ல உயரம், யாருக்கும் விட்டுக்கொடுக்காத குணம். முன்வரிசையில் நின்று கோல் அடிக்கவே பிறந்தவள். அந்த ஆட்டத்தில் நாலு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டருகே பார்க்கில் நாலு மரங்கள் வரிசையாக நின்றன. மாலைகளில் அவள் எட்டு அடி பின்னால் நடந்து, இடது காலுறையை மேலே இழுத்துவிட்டு, ஓடி வந்து உதைப்பாள். மரங்களுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குவது என் வேலை. "அண்ணை, எத்தினை?" என்று கத்துவாள். ஒன்று என்று சொன்னால் அன்று என்னோடு பேச்சில்லை.

ஆஸ்திரேலியாவில் மெல்பேர்ண் கழகம் ஒன்று அவளை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. வங்கி வேலையை விட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னால் போவதா என்று அப்பா கொதித்தார். "ஒரு வருசம்தான். சரிவராட்டி வந்திட வேணும்" என்று விமான நிலையத்தில் சத்தியம் வாங்கினார். சரிவரவில்லை. பாதி ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்தாள். மீதியில் அவள் உதைத்ததெல்லாம் ஓரத்தில் போனது. கடைசி ஆட்டத்திலும் சொதப்பினால் வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

அங்கே மாலை, எங்களுக்கு ஞாயிறு காலை. அப்பா பூசைக்குப் போகாத முதல் ஞாயிறு அது. மடிகணினியை டிவியோடு இணைத்துவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். தங்கையின் அணி ஐந்து புள்ளி பின்னால், சில விநாடிகளே மிச்சம். வானத்திலிருந்து விழுந்த பந்தை இரண்டு பேருக்கு மேலால் எழும்பித் தங்கை பிடித்தாள். பிடித்த கையோடு ஆட்டம் முடியும் சைரன் ஒலித்தது. அப்பா எழுந்து வயரைப் பிடுங்கினார்.

"முடிஞ்சுது. பிள்ளையை வீட்டை வரச் சொல்லு."

"அப்பா, அவள் பந்தைப் பிடிச்சிட்டாள். இன்னும் ஒரு அடி இருக்கு!"

"சைரன் அடிச்ச பிறகு என்னடா அடி?"

அங்கேதான் பிழை. சைரனுக்கு முன் பந்தைப் பிடித்தவர், சைரனுக்குப் பின்னும் உதைக்கலாம் என்பது அந்த விளையாட்டின் சட்டம். வயரைப் பறித்து நான் மாட்டி, படம் வந்தபோது அவளுடைய அணி முழுவதும் யார் மீதோ குவிந்து கிடந்தது. குவியலுக்கு அடியில் இழுத்துவிட்ட இடது காலுறை மட்டும் தெரிந்தது. ஒரு புள்ளியால் வென்றுவிட்டார்கள். அம்மா மாதாவைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். அப்பா மட்டும் நான் மாட்டிய வயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஒரு உதையில் அவள் நிலைத்தாள். ஏழு வருடம் அந்த அணியின் முதல் முன்கள வீராங்கனை அவள்தான். ஒரு கிண்ணத்தையும் தூக்கினாள். அப்பா ஷிப்ட் மாற்றி மாற்றி எல்லா ஆட்டத்தையும் பார்த்தார், பூசை முடிந்து வரும் சுவாமியாரை மறித்து வைத்துச் சட்டம் விளக்கினார். அந்த உதையின் பதிவை எத்தனை தரம் போட்டிருப்பார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் கடைசியில், "இது பாத்ததாகாது" என்பார்.

போன மாதம் தங்கை ஓய்வு பெற்று வீடு வந்தாள். மறுநாள் காலை, தேத்தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல், அப்பா மாதாவின் பக்கத்திலிருந்து பந்தை எடுத்தார். பார்க்கில் மரங்களுக்குப் பின்னால், நான் நின்ற இடத்தில், போய் நின்றுகொண்டார்.

"அண்டைக்கு நான் பாக்கேல்லை. ஒருக்கா அடி பிள்ளை."

எட்டு அடி பின்னால் நடந்தாள். காலுறை இல்லை, வெறும் காலைத் தொட்டுவிட்டு ஓடி வந்தாள். பந்து நடு இரண்டு மரங்களுக்குள் உயரப் போய், அப்பாவின் தலைக்கு மேலால் பறந்தது.

"அப்பா, எத்தினை?"

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. நேராக நிமிர்ந்து, கோல் நடுவர்கள் காட்டுவதுபோல, இரண்டு சுட்டுவிரல்களையும் முன்னே நீட்டினார்.

"ஆறு!"

வழக்கம்போலப் பந்து பொறுக்க நான்தான் ஓடினேன்.