ஜமுனா பார்த்து வைத்த ஊர்

என் பேத்தி காவியாவுக்கு இப்போது கழுத்து நின்றுவிட்டது. யார் தூக்கினாலும் சிரிக்கிறாள். என்னைப் பார்த்தால் காலையும் சேர்த்து உதைக்கிறாள். என் முகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ராஜம்மா, என் பெண்சாதி, "உன் மீசய பாத்து எறா மீசன்னு நெனச்சிகினு கீது" என்று சொல்லுவாள். இருக்கட்டும். வயசான காலத்தில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

இந்தப் பிள்ளையைப் பெற்ற ஜமுனாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நான் மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்து கோணலாக இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்லுவேன்.

ஜமுனா காசிமேட்டில் பிறந்தவள். அவள் நைனா துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிறவர். பன்னிரண்டாவது படித்துவிட்டு சட்டை தைக்கிற கம்பெனிக்குப் போனாள். என் மகன் மனோஜ் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறான். கல்யாணம் ஆனதும் இரண்டு பேரும் கொருக்குப்பேட்டையில் ஒரே ரூமில் குடி இருந்தார்கள். மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் கட்டில் கால் வரைக்கும் வரும். ஒரு மழையில் மூணு நாள் கட்டில் மேலேயே சோறாக்கிச் சாப்பிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது சுவரில் தண்ணீர் நின்ற கோடு கறுப்பாகத் தெரிந்தது.

வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் ஜமுனா சொல்லிவிட்டாள்.

"மாமா, இந்த ரூம்ல பச்சப் புள்ளைய வச்சிக்க முடியாது. அவர் வேலைக்கு ரயில்ல போய் வர்ற மாரி ஒரு ஊரு பாக்கணும்."

"நம்ம குப்பத்துக்கே வந்துடேம்மா. வூடு இருக்குது, ஏரி இருக்குது."

"குப்பத்துலருந்து பொன்னேரி வரவே பாதி பொழுது ஆவுது. அப்புறம் ரயிலு. அவர் எப்ப வேலைக்குப் போவாரு, எப்ப தூங்குவாரு? ராத்திரில புள்ளைக்கு ஜொரம்னா நான் எங்க ஓடுவேன்?"

எங்கள் குப்பம் பழவேற்காட்டில், கோட்டைக்குப்பத்துக்கு அந்தண்டை இருக்கிறது. அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் எங்களுக்கு வேறு ஒரு கவலை இருந்தது. அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

பழவேற்காட்டு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற இடத்துக்கு முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணம் ஆன ஆம்பளை ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பாடு. எனக்கு ஒன்று, மனோஜுக்கு ஒன்று. வருஷத்துக்கு ஒரு தடவை சித்திரையில் ஊர் கூடி சீட்டுப் போடும். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று அதில் வரும். மனோஜ் தன் முறை வருகிற நாளில் யார்டில் லீவு சொல்லிவிட்டு வந்து என்னோடு சேர்ந்து சுத்து வலை கட்டுவான்.

துறைமுகத்திலும் மெட்ராஸிலும் வேலை கிடைத்து ஆட்கள் வெளியே போகப் போக, ஊரில் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். சீட்டுப் போடுகிற அன்றைக்குக் காலையில் பாடு உள்ளவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அவன் பெண்சாதி வாசலுக்கு வந்து பெரியவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அவன் ஊரோடு இருக்கிறான் என்று அர்த்தம். கேஸ் அடுப்பு செல்லாது, புகை கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு தடவை பெயரை எடுத்துவிட்டால் மறுபடி ஏறாது.

ஜமுனா ஞாயிற்றுக்கிழமை தோறும் ரயிலேறி ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிப் பார்த்தாள். சில வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அத்திப்பட்டில் இறங்கினோம். அங்கே கொடியில் காய்ந்த துணியைத் தட்டிப் பார்த்தாள், சாம்பல் பறந்தது. "வேணாம் மாமா, வாங்க" என்று அடுத்த ரயிலுக்கே திரும்பிவிட்டாள். மீஞ்சூரில் வீடு நன்றாகவே இருந்தது. குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துத் துப்பினாள். "இதுக்கு நம்ம ஏரித் தண்ணியே பரவால்ல" என்றாள். வீட்டுக்காரம்மா முறைத்தது. பொன்னேரியில் ஒரு வீடு பிடித்துப் போனது. எல்லாம் பேசி முடிந்த பிறகு வீட்டுக்காரர் கேட்டார்.

"நீங்க இன்னா ஆளுங்க?"

"மீன் புடிக்கிறவங்க சார்" என்றேன் நான்.

"கருவாடு காய வைப்பீங்களே. மாடில வேற ஃபேமிலி இருக்காங்க. சொல்லி அனுப்புறேன்."

அவர் சொல்லி அனுப்பவில்லை. தெரு முனைக்கு வந்ததும் ஜமுனா திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "அந்தாளு பால்கனில மீன் தொட்டி வச்சிருக்கான் மாமா, பாத்தீங்களா? உயிரோட இருந்தா நாறாது போல" என்றாள். நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன்.

கடைசியில் அனுப்பம்பட்டு. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓட்டு வீடு, பின்னால் வயல், தெருவில் விளையாடுகிற பிள்ளைகள். பொன்னேரி ஆஸ்பத்திரி பக்கம். வீட்டுக்காரம்மா ஒரு விதவை. எங்கள் சாதியைக் கேட்டது, கேட்டுவிட்டு, "கெடச்சா எனக்கும் நண்டு எடுத்துனு வாங்க" என்றது. ஜமுனா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அந்த வீட்டுக்கு வந்து ஏழாம் மாசம், எட்டாம் மாசம் எல்லாம் நல்லபடியாகப் போனது. ஒன்பதாம் மாசத்தில் சித்திரை வந்தது. ஊரில் சீட்டுக்கு நாள் குறித்தார்கள்.

ராஜம்மா வேண்டாம் என்றாள். நானும் மனோஜும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜமுனாவே சொன்னாள்.

"ஒரு நாள்தான மாமா? வந்து அடுப்பப் பத்த வச்சி, தண்ணியக் குடுத்துட்டு, மதியம் வண்டி ஏறிடுறேன். இவருக்குன்னு ஏரில இருக்குறது அது ஒண்ணுதான். என்னால போச்சுன்னு இருக்கக் கூடாது."

முந்தின நாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். காலையில் விறகு அடுப்பு பற்ற வைத்தாள். பெரியவர்கள் அடுத்த தெருவில் வரும்போதே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. அது எங்களுக்குத் தெரியாது. அவள் அடுப்பண்டை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வேர்த்திருந்தது, புகையில் நிற்பதால் என்று நினைத்தோம். நாட்டாமை தருமலிங்கம் வாசலுக்கு வந்து கூரைக்கு மேலே புகையைப் பார்த்தார். ஜமுனா சொம்போடு வந்தாள்.

"இன்னா மருமவளே, இந்த மாசத்துல வந்து கீறியே. நல்லா இரு" என்று தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

அவர் சொம்பைத் திருப்பிக் கொடுத்து அடுத்த வாசலுக்கு நகர்ந்த பிறகுதான் அவள் கீழே உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் நனைந்து போனது.

அன்றைக்கு ஊரில் வண்டி ஓட்டுகிறவன் ஒருத்தனும் வீட்டில் இல்லை. ஆம்பளைகள் எல்லாம் கோயிலண்டை கூடிவிட்டார்கள், ஆட்டோக்காரர்களுக்கும் பாடு உண்டு அல்லவா? ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம், பொன்னேரியிலிருந்து கிளம்பிவிட்டது என்றார்கள். நான் கோயிலுக்கு ஓடி, ஆட்டோ ஓட்டுகிற பச்சைமுத்துவைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் சீட்டை விட்டுவிட்டு வந்தான், அதை நான் மறக்க மாட்டேன். பாதி வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது, அதில் மாற்றினோம். வெயில் கொளுத்தியது. ஜமுனா கத்தவில்லை. ராஜம்மாவின் கையைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

ஆம்பளைப் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, அழவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னது. அதட்டிச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னது. நான் அவனை ஒரு துண்டில் வாங்கிக்கொண்டேன். முடி நிறைய இருந்தது.

சாயங்காலம் மனோஜுக்குப் போன் வந்தது. அவன் பெயருக்கு முகத்துவாரத்தில் நல்ல இடம் விழுந்திருக்கிறது என்று யாரோ சந்தோஷமாகச் சொன்னார்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு அப்போது விஷயம் தெரியாது.

அதற்குப் பிறகு ஜமுனா அனுப்பம்பட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. மறு வருஷம் சீட்டுக்கு மனோஜ் கூப்பிடவில்லை, பெரியவர்களும் துக்க வீடு என்று அந்த ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தார்கள். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டாள். நான் நண்டு கொண்டு போனால் சமைத்துப் போடுவாள், பேச்சு மட்டும் பாதியாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்காக வாங்கிய ஏணைக் கயிறு உத்திரத்திலேயே தொங்கியது. அவிழ்க்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். "இருக்கட்டும் மாமா" என்றாள்.

இந்த வருஷம் சித்திரை வந்தபோது ஜமுனாவுக்கு அஞ்சாம் மாசம். மனோஜ் கேட்டான். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"அஞ்சு மாசந்தான ஜமுனா. ஒண்ணும் ஆவாது. காலீல போய்ட்டு வந்துடலாம்."

"நான் வரல."

"பேர எடுத்துடுவாங்க."

"எடுக்கட்டும்."

"எங்க தாத்தா கட்டுன வலை அது. என்னோட போவணுமா?"

"உங்க தாத்தா வலையக் கட்டிகினு அழு. என் புள்ளைய நான் ரோட்ல வச்சி சாவடிக்க மாட்டேன்."

மனோஜ் என்னைப் பார்த்தான். "நைனா, நீயாவது சொல்லேன்."

"நான் இன்னாடா சொல்றது? போன தடவ அது வந்துச்சே, அதுக்கு மேல ஒருத்தி இன்னா செய்வா?" என்றேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

சீட்டு நாளுக்கு அவன் மட்டும் குப்பத்துக்கு வந்தான். விடிவதற்குள் எழுந்து அடுப்பில் விறகு வைத்து ஊதினான். ஈர விறகு. இருமி இருமிப் புகை போட்டான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலி ஓரம் நின்றார்கள்.

"மனோஜு, கொழம்பு ரெடியா? எங்களுக்கும் ரவோண்டு ஊத்து."

"பொடவ ஒண்ணு தரவாடா? கட்டிகினு தண்ணி குடு, நாட்டாமைக்குக் கண்ணு செரியாத் தெரியாது."

அவர்கள் வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள். அவன் தலை நிமிரவில்லை.

தருமலிங்கம் வந்தார். புகையைப் பார்த்தார். மனோஜ் சொம்பை நீட்டினான். அவர் கையை நீட்டவில்லை.

"ஜமுனா எங்கடா?"

"வரல, பெரியப்பா. வாயும் வயிறுமா கீது."

ராஜம்மா சொம்பைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் குடுக்குறேன், குடி. நானும் இந்த வூட்டுப் பொம்பளதான்."

"நீ உன் புருசன் செங்கல்வராயன் பாட்டுக்குக் குடுக்குற, ராஜம்மா. இது இவன் பாட்டுக்கு."

நான் கும்பிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டே சொன்னேன்: "தருமா, போன தடவ அது இன்னா குடுத்துச்சுன்னு உனக்குத் தெரியும். நீதான அந்தத் தண்ணியக் குடிச்ச."

அவர் கண் கலங்கியது. அவர் கெட்டவர் இல்லை.

"தெரியும்டா. அன்னிலருந்து எனக்கும் சோறு எறங்கல. ஆனா இன்னிக்கு இவனுக்கு வுட்டா நாளைக்கு ஊரே மெட்ராஸ்ல உக்காந்துகினு பாடு கேக்கும். ஏரிலயே கெடக்குறவன் எங்க போவான்? நீயே சொல்லு."

நான் கும்பிட்ட கையை இறக்கினேன். அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்கள். மனோஜ் சொம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினான். அன்றைக்குச் சீட்டில் அவன் பெயர் இல்லை.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவன் அனுப்பம்பட்டுக்குப் போகாமல் யார்டிலேயே படுத்துக்கொண்டான். ஜமுனா போன் போட்டுக் கூப்பிடவில்லை. எனக்கு மட்டும் போன் போட்டு, "சாப்புடுறாரா மாமா?" என்று கேட்பாள். பிறகு அவனாகவே வந்தான். வந்தான், சம்பளத்தைக் கொடுத்தான், சோறு போட்டால் சாப்பிட்டான்.

ஆவணியில் வலி எடுத்தது. நல்ல பகலில், நடந்துபோய் ஆட்டோ ஏறினாள். நாங்கள் குப்பத்திலிருந்து போய்ச் சேர்வதற்குள் காவியா பிறந்துவிட்டாள். நர்ஸ் என் கையில் கொடுத்தபோது வீறிட்டாள். அந்தச் சத்தம் போல ஒன்றை நான் கேட்டதே இல்லை. தாழ்வாரத்தில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அவளைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் நடந்தேன். நர்ஸ் என்னைத் திட்டியது.

பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தி, கட்டிலண்டை நின்றுகொண்டே, "பாடும் போச்சு, பையனும் இல்ல. பாவம் மனோஜு" என்றாள். ஜமுனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன வாரம் நான் அனுப்பம்பட்டில் தங்கியிருந்தேன். காலையில் ஜமுனா காவியாவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனோஜ் வேலைக்குக் கிளம்பி, வாசல்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். கதவு திறந்துதான் இருந்தது.

"மாமா, பொம்பளப் புள்ளைக்குப் பாடு உண்டா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஆம்பளைக்குத்தான்."

"அவர் பேரு இருந்திருந்தாலும் இவளுக்கு வந்திருக்காது?"

"வந்திருக்காது."

"அப்ப இவகிட்டருந்து நான் எதையும் எடுக்கல."

"இல்லம்மா."

"அவர்கிட்டருந்துதான் எடுத்துட்டேன்" என்றாள். கை குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

மனோஜுக்கும் கேட்டது. எழுந்து உள்ளே வந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நான் காத்திருந்தேன். "ரயிலு வந்துடும்" என்றான். குனிந்து எண்ணெய்க் காலை ஒரு தடவை பிடித்துவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போனான். ஜமுனாவை அவன் பார்க்கவில்லை. அவளும் நிமிரவில்லை. நான் காவியாவை வாங்கிக்கொண்டு, வெந்நீர் ஆறிவிடும் என்று சொல்லி அவளைக் குளிப்பாட்ட எழுந்தேன்.